ஃபியூஸ் போகாத மிஷின்

ஐப்பசி மழை பிடித்த நாள் முதல் கருத்தம்மாவை அவளுடைய மிஷின் அடித்துக்கொண்டிருந்தது. சும்மா சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி அல்ல. ஊசிக்குக் கீழே பளபளவென்று ஒரு தகடு இருக்குமே, அதில் இடது கையை வைத்துத்தான் துணியைத் தள்ள வேண்டும். வைத்த மாத்திரத்தில் யாரோ விரல் வழியாக உள்ளே புகுந்து, முழங்கை நரம்பைப் பிடித்து இழுத்துவிட்டுப் போவார்கள். முதல் தடவை துணி ஒரு பக்கம், ஸ்டூல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று விழுந்தாள். பக்கத்து மிஷின்காரிகள் தையலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். தூங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

அவிநாசிபாளையத்தில் தாராபுரம் ரோட்டை ஒட்டி, வெள்ளியங்கிரி தன் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை போட்டு நடத்திய பனியன் கம்பெனி அது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஆறு ஓவர்லாக் மிஷின், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மோட்டார், அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து வெட்டிய துணி வரும். இங்கே கையையும் உடம்பையும் சேர்த்துத் தைத்துப் பனியனாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ரோட்டில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால், இப்படி ஏதாவது ஒரு கம்பெனியின் ஓட்டில்தான் விழும்.

வெள்ளியங்கிரி கெட்டவர் இல்லை. தானும் டெய்லராக இருந்து கை ஊன்றிக் கரணம் போட்டு மேலே வந்தவர். மிஷின் என்றால் அவருக்கு உயிர். ஆயுத பூஜை வந்தால் ஒவ்வொரு மிஷினாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, மோட்டாருக்கும் ஸ்டாண்டுக்கும் தன் கையாலேயே பச்சைப் பெயிண்ட் அடிப்பார். அதற்கு ஆள் வைக்க மாட்டார். ஒரு போல்ட்டைக்கூட அப்படியே விட்டுச் சுற்றி அடிக்கிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. கழற்றி, உள்ளே வெளியே என்று முழுசாக அடித்து, காய வைத்துத்தான் திரும்பப் பூட்டுவார். கல்யாணப் பெண்ணை ஜோடிக்கிறவளுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது.

கொட்டகைக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். துணியில் அழுக்குப் படக் கூடாதல்லவா? பெண்கள் எல்லோரும் வாசலிலேயே கழற்றிவிட்டு வருவார்கள். முதலாளி மட்டும் தடித்த ரப்பர்ச் செருப்போடு சரக் சரக்கென்று உள்ளே நடப்பார். முதலாளியின் செருப்பில் அழுக்கே இருக்காது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கருத்தம்மா ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி. மழை இல்லாமல் காடு காய்ந்து போய், புருஷன் காசிமாயனோடு பஸ் ஏறி வந்தவள். அவன் சாயப்பட்டறையில், இவள் இங்கே. வந்த புதிதில் ஓவர்லாக் மிஷினைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை; இப்போது அந்தக் கொட்டகையில் அவளுக்கு இணையாக ஓட்ட ஆள் கிடையாது. கழுத்துப் பட்டியை அவள் தைத்தால் செக்கிங்கில் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதானே.

இரண்டாவது தடவை அடித்தபோது முதலாளியிடம் சொன்னாள். அவர் உடனே வந்தார். தகட்டில் உள்ளங்கையைப் பதித்து நின்றார். ஒன்றுமில்லை. ஜேபியிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பச்சை மோட்டாரின் மேல் நான்கைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார். டெஸ்டருக்குள் இருந்த குட்டி விளக்கு கண்ணே திறக்கவில்லை. சுவரிலிருந்த மெயின் போர்டைக் காட்டி, கரண்டு மோட்டார் மேல் வந்தால் ஃபியூஸ் போகாதா, இந்த மாசத்தில் ஒரு ஃபியூஸாவது போயிருக்கிறதா என்று கேட்டார். போகவில்லைதான்.

பிறகு ஆயம்மாள் உட்கார்ந்து பார்த்தாள். ஆயம்மாள் அந்தக் கம்பெனியின் மூத்த டெய்லர். முதலாளிக்கு முன்பே அந்தக் கொட்டகைக்கு வந்துவிட்டவள் மாதிரி பேசுவாள். அன்றைக்கு மழை விட்டு நல்ல வெயில். ஆயம்மாள் ஒரு கட்டுத் துணியைத் தைத்து முடித்துவிட்டு, கையை உதறிக் காட்டிவிட்டு எழுந்தாள். அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதோடு கருத்தம்மாவின் சொல் செல்லாக்காசாகிவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கரண்டும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கம்பெனி வாய்க்கும் இல்லை. சில நாளிலேயே ஒரு கதை கட்டிவிட்டார்கள். இதெல்லாம் ஆயுத பூஜையிலிருந்துதான் ஆரம்பித்தது. பூஜையன்று கருத்தம்மா வீட்டுக்கு விலக்கான நாளில் கொட்டகைக்குள் வந்து பொரி வாங்கிப் போனாள். அந்தத் தீட்டுக்குத்தான் மிஷின் அவளை மட்டும் அடிக்கிறது. இதைச் சொன்னது ஆயம்மாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவள் அதை மனசார நம்பினாள். மிஷினுக்கு முன்னால் தேங்காய் உடைத்து, தெரியாமல் வந்துவிட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வழியும் சொன்னாள்.

கருத்தம்மா அன்று வந்தது மெய். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியே நின்றுதான் பொரியை முந்தானையில் வாங்கினாள். தாண்டாத படியைத் தாண்டினேன் என்று எப்படிக் கும்பிடுவது? முடியாது என்றுவிட்டாள்.

வெள்ளியங்கிரிக்குத் தீட்டிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. அவருக்கு ஷிப்மெண்டில்தான் நம்பிக்கை. ஆறு மிஷினில் ஒன்று மழை நாளெல்லாம் நின்றால் சரக்கு எப்படிப் போகும்? அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"அம்மிணி, நாளைக்குக் காலைல அதே மிசின்ல உக்காந்து தைக்கறதுன்னா வா. இல்லீன்னா வேற கம்பெனி பாத்துக்க. சும்மா இருக்கற மிசினை அடிக்குது அடிக்குதுன்னு சொல்லி நாலு பேரைக் கெடுக்க வேண்டாம்."

வேறு கம்பெனி பார்க்கலாம். அந்த ரோடு முழுக்கக் கம்பெனிதான். ஆனால் அந்த ரோட்டில் பேச்சு பஸ்ஸைவிட வேகமாகப் போகும். வேலை செய்யாமலிருக்கப் பொய் சொன்னவள் என்று ஒரு பேர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டால், பின்னால் போகிறவளுக்கு ஸ்டூல் கிடைக்காது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது காசிமாயன், உயிர் முக்கியமா பேர் முக்கியமா, விட்டுத் தொலை என்றான். அவன் சொன்னது நியாயம்தான். கருத்தம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு உயிரும் வேண்டியிருந்தது, பேரும் வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்றை ஏன் விட வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

விடிந்ததும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவள் வந்தாள். கொட்டகையில் அவளுடைய மிஷின் சுவரோர மூலையில் இருந்தது. அந்த மூலையில் மட்டும் ஓதம் ஏறி, சிமெண்ட் தரை கறுத்துக் கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். கையைத் தகட்டுக்குக் கொண்டுபோனாள். கை போகவில்லை. ஐந்து பேரும் தைப்பதை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

வீட்டின் பின்வாசல் தாழ்வாரத்தில் நின்றுதான் அழுதாள். அங்கேதான் மயிலாள் டீச்சர் அவளைப் பார்த்தாள். டீச்சர் வெள்ளியங்கிரியின் மனைவி. பக்கத்து ஊர் ஹைஸ்கூலில் அறிவியல் பாடம் எடுப்பவள். தினமும் காலையில் பஸ் ஏறிப் போனால் சாயங்காலம்தான் வருவாள். கம்பெனி அவர் பாடு, பள்ளிக்கூடம் என் பாடு என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. அன்று மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள்.

டீச்சர் முதலில் ஒரு துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னாள். பிறகு என்ன என்று விசாரித்தாள். கருத்தம்மா சொல்லச் சொல்ல, குறுக்கே கேள்வி கேட்டாள். எந்தக் கை? கை பட்டது பெயிண்டிலா, பளபளப்பான இரும்பிலா? அந்த நேரம் கால் எங்கே இருந்தது? இரண்டு காலுமா, ஒரு காலா? தரை ஈரமா, காய்ந்திருந்ததா? வெயில் அடித்த நாளில் எப்போதாவது அடித்ததா?

இடது கை. பளபளப்பான தகடு. ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். ஈரம். வெயில் நாளில் அடித்ததே இல்லை. கருத்தம்மாவுக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது. தனக்கு இவ்வளவு தெரியும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாளும் எல்லோரும் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: நிஜமாகவா? டீச்சர் அதை மட்டும் கேட்கவில்லை. அதற்காகவே அவள் காலில் விழலாம் போலிருந்தது கருத்தம்மாவுக்கு.

கடைசியில், எப்போதிருந்து அடிக்கிறது என்றாள் டீச்சர். கருத்தம்மா தயங்கித் தயங்கி அந்தத் தீட்டுக் கதையையும் சொல்லிவிட்டாள். படித்தவள், சிரிப்பாள், இல்லாவிட்டால் ஆயம்மாளைத் திட்டுவாள் என்று நினைத்தாள். டீச்சர் இரண்டும் செய்யவில்லை.

"பூசையிலிருந்துன்னு ஆயம்மாக்கா சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றாள். "நீ அன்னைக்கு என்ன பண்ணுனேங்கறதை உடு. அன்னைக்கு மிசினை என்ன பண்ணுனாங்க? அதைச் சொல்லு அம்மிணி."

கழுவினார்கள். பெயிண்ட் அடித்தார்கள். பொட்டு வைத்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

டீச்சர் குடையைக்கூட எடுக்காமல் நேரே கொட்டகைக்கு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முதலாளியம்மாதானே, போட்டுக்கொண்டே வந்திருக்கலாம். கருத்தம்மா அதைக் கவனித்தாள்.

வெள்ளியங்கிரிக்கு மனைவி கொட்டகைக்கு வந்ததே ஆச்சரியம். விஷயம் கேட்டதும் முகம் சுருங்கியது. வயரிங் முழுக்க அவர் கையால் செய்தது. கசிகிற கரண்டு மண்ணுக்குள் போக மோட்டார் உடம்பிலிருந்து எர்த் கம்பி இழுத்து, வெளியே குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டிப் புதைத்திருக்கிறார். எவன் செய்வான் இந்த ரோட்டில்? கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை, ஃபியூஸும் போகவில்லை என்று அடுக்கினார். டீச்சர் எதிர்த்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் காலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கையை வச்சப்ப செருப்புப் போட்டிருந்தீங்களா?"

பெண்கள் எல்லோரும் முதலாளியின் ரப்பர்ச் செருப்பைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். ரோஷக்காரர் அல்லவா, சட்டென்று செருப்பை உதறிவிட்டு, அந்த ஈர மூலையில் போய் நின்று சுவிட்சைப் போட்டுத் தொட்டே விடுவது என்று கிளம்பினார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. இதுக்கெல்லாம் மனுசன் கையை வைக்கறதா? ஒரு பல்பு குடுங்க, அது தொட்டுச் சொல்லட்டும்."

ஒரு ஹோல்டரில் பல்பை மாட்டி, அதிலிருந்து இரண்டு நீள வயரை இழுத்துவிட்டார்கள். டீச்சர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். ஆயம்மாள் மட்டும் நகரவில்லை. கரண்டு இருந்தால் எல்லோரையும் அல்லவா அடிக்க வேண்டும், என்னை ஏன் அடிக்கவில்லை என்று நேருக்கு நேர் கேட்டாள். நல்ல கேள்வி என்றாள் டீச்சர். அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. ஆயம்மாளுக்குக் குண்டடத்துப் பக்கம் காடு தோட்டம் உண்டு என்பது டீச்சருக்குத் தெரியும்.

"கெணத்துல தண்ணி நெறையா இருக்குதுங்க்கா. மடை அடைச்சுக் கெடந்தா வயலுக்குப் போகுமா? கரண்டும் அப்படித்தான். மிசின்ல வந்து நிக்குது. மண்ணுக்குப் போறதுக்கு வழி பாக்குது. நீங்க உக்காந்தன்னைக்குத் தரை காஞ்சு கெடந்துச்சு, வழியில்லை. இவரு நின்னப்ப ரப்பரு, வழியில்லை. இந்தப் புள்ள ஈரத்துல வெறுங்கால வச்சுட்டு உக்காந்திருக்குது. மடை இவதான்."

ஆயம்மாள் குனிந்து கருத்தம்மாவின் காலைப் பார்த்தாள்.

முதலில் எர்த் குழி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள் டீச்சர். மோட்டார் உடம்பில் பூட்டியிருந்த எர்த் கம்பியைக் கழற்றச் சொன்னாள். பல்பின் ஒரு வயர் சுவிட்சின் கரண்டில், மறு வயர் அந்த எர்த் கம்பியில். பல்பு பளீரென்று எரிந்தது. குழி உயிரோடு இருக்கிறது. வெள்ளியங்கிரி பெருமூச்சு விட்டார். நான் சொன்னேனே என்று கண்ணாலேயே எல்லோரிடமும் சொன்னார்.

பிறகு பல்பின் முதல் வயரைக் கரண்டிலிருந்து எடுத்துவிட்டாள். கரண்டு பக்கமே போக வேண்டாம், அந்த வயரைச் சும்மா ஊசிக்குக் கீழே இருக்கிற தகட்டில் வையுங்கள் என்றாள். கருத்தம்மா கை வைக்கிற அதே இடம். மறு வயர் எர்த் கம்பியிலேயே இருந்தது. வெள்ளியங்கிரி செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பலகையின் மேல் நின்று வைத்தார். டீச்சர் மிஷினின் சுவிட்சைப் போட்டாள்.

பல்பு எரிந்தது.

தையல் மிஷினின் தகட்டில் பல்பு எரிகிறது. மங்கலாகக்கூட இல்லை, வீட்டில் எரிகிற மாதிரி எரிந்தது. கருத்தம்மா அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் தன் முழங்கைக்குள் ஓடியது இதுதான். தன் ஒருத்தியைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது, இப்போது எல்லோர் முகத்தின் மேலும் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

வெள்ளியங்கிரியின் முகத்தில் ஈயாடவில்லை. எர்த் கம்பிதான் பூட்டியிருந்ததே, நானே இறுக்கினேனே என்று அரற்றினார். டீச்சர் சுவிட்சை அணைத்து, மெயினையும் அணைத்தாள். எர்த் கம்பியைப் பூட்டியிருந்த இடத்தைக் குனிந்து காட்டினாள். போல்ட்டுக்கு அடியில், வாஷர் உட்காரும் இடத்தில், திருகின் மறையில் எல்லாம் பச்சைப் பெயிண்ட். போன வருஷப் பச்சை, அதற்கு முந்தின வருஷப் பச்சை, இந்த வருஷப் பச்சை என்று கெட்டியாக ஏறிக் கிடந்தது. கம்பி மோட்டாரைத் தொடவே இல்லை. பெயிண்டைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. டெஸ்டர் வைத்ததும் அதே பெயிண்டின் மேல்தான்.

"நீங்க ஆசையா அடிச்சதுதானுங்க" என்றாள் டீச்சர் மெதுவாக. "பெயிண்டுல கரண்டு போகாதுங்க."

அந்த மனுஷன் கத்தரிக்கோலைப் பிரித்து, அதன் முனையால், தான் தடவித் தடவி அடித்த பச்சையைத் தானே சுரண்டினார். வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, கம்பியை வைத்து இறுக்கினார். இனிமேல் ஓட்டலாமா என்று கேட்டார். டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். ஒரு விஷயம் பார்க்க வேண்டும், யாரும் மிஷின் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டு, மெயினைப் போட்டாள். பிறகு மிஷினின் சுவிட்சைத் தட்டினாள்.

மெயின் போர்டில் பட்டென்று ஒரு சத்தம். நீலமாக ஒரு பொறி. கொட்டகை முழுக்க இருட்டி, ஓட்டுச் சந்து வழியாக மழை வெளிச்சம் மட்டும் இருந்தது. ஆயம்மாள் மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். ஒருத்தி வாசல்வரை ஓடியே போய்விட்டாள். வெள்ளியங்கிரி தலையில் கை வைத்தார். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டாளே என்பதுதான் அவர் முகத்தில் இருந்தது. அந்தக் கொட்டகையில் சிரித்த முகமாக நின்றது டீச்சர் ஒருத்திதான். புகையும் ஃபியூஸைக் கையில் உருவி எடுத்துக்கொண்டு, பரிசு வாங்கினவள் மாதிரி நின்றாள்.

"இந்தச் சத்தம் பூசையன்னைக்கே கேட்டிருக்கோணும்" என்றாள். "ஃபியூஸ் போகலை, அதனால கோளாறில்லைன்னு நெனைச்சோம். போகாததுதானுங்க கோளாறு. எர்த்து ஒழுங்கா இருந்திருந்தா, கரண்டு மோட்டார் மேல வந்த நிமிசமே கொள்ளையா மண்ணுக்குள்ள ஓடியிருக்கும். இந்தக் கம்பி தாங்காம எரிஞ்சு, கரண்டை நிறுத்தியிருக்கும். இது எதுக்கு இருக்குது? நமக்கு முன்னால இது சாகறதுக்குத்தான்."

எரிந்து அறுந்த கம்பியைக் கருத்தம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். தலைமுடி கனம்கூட இல்லை. முனை கருகியிருந்தது.

"இது பட வேண்டியதை இத்தன நாளா நீ பட்டிருக்கறே, கண்ணு."

கருத்தம்மா அப்போதுதான் உடைந்துபோய் அழுதாள். பின்வாசலில் அழுதது வேறு, இது வேறு. இந்த மெல்லிய கம்பி செய்கிற வேலையைத் தன் உடம்பு செய்திருக்கிறது, இந்தக் கம்பி போன மாதிரியே தானும் ஒரு மழை நாளில் போயிருக்கலாம், போயிருந்தால் தீட்டுக்காரி செத்தாள் என்று சொல்லியிருப்பார்கள் என்பதெல்லாம் ஒரே மூச்சில் அவளுக்குப் புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. இதையெல்லாம் ஒருத்தி ஒரு புஸ்தகத்தில் படித்து, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதோடு விட்டுவிடாமல், நனைந்துகொண்டு வந்து தனக்காகச் செய்து பார்த்திருக்கிறாள். படிப்பு என்றால் உத்தியோகத்துக்கு என்றுதான் கருத்தம்மா அதுவரை நினைத்திருந்தாள். அழுகைக்கு நடுவில் டீச்சரை அவள் பார்த்த பார்வையில், சாமியைப் பார்க்கிறவளிடம் இருக்கும் பயம் கொஞ்சமும் இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது.

மோட்டாரின் மூடியைத் திறந்தபோது காரணமும் கிடைத்தது. பெயிண்ட் அடிக்கக் கழற்றித் திரும்பப் பூட்டியபோது, கரண்டு வயர் ஒன்று மூடியின் விளிம்பில் சிக்கி, அதன் தோல் நசுங்கிச் செம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மிஷின் அதிர்ந்து அதிர்ந்து பெயிண்ட் தேய்ந்துபோன ஸ்டாண்டுப் போல்ட்டுகள் வழியாக அந்தக் கரண்டு தகட்டுக்கு ஏறியிருக்கிறது. வெள்ளியங்கிரி அந்த வயரையே வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். ஃபியூஸுக்கு மட்டும், இனிமேல் போகக் கூடாதென்று தடித்த கம்பியை எடுத்தார். தடித்தது எரிந்து கரண்டை நிறுத்தாது என்று டீச்சர் கையை நீட்டினாள். அவர் அதைக் கொடுத்துவிட்டு மெல்லியதை எடுத்துச் சுற்றினார். பிறகு மற்ற ஐந்து மிஷினின் எர்த் போல்ட்டையும் கழற்றச் சொன்னாள். ஐந்திலும் அதே பச்சை. சுரண்டிக்கொண்டே வந்தவர் ஆயம்மாளின் மிஷினடியில் உட்கார்ந்தபோது, நிமிராமலே கருத்தம்மாவிடம் பேசினார்.

"கையை வச்சுப் பாத்தேன் அம்மிணி. காலைப் பாக்கலை. நேத்து எல்லார்த்துக்கும் முன்னால பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதே."

"பரவால்ல மொதலாளி" என்றாள் கருத்தம்மா. பரவாயில்லைதான் என்று அவளுக்கே அப்போது தோன்றியது.

எல்லாம் பூட்டியாயிற்று. மெயினைப் போட்டார்கள். ஃபியூஸ் நின்றது. தகட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் மறுபடி பல்பைப் பிடித்தார்கள். இந்தத் தடவை பல்பு செத்த கண்ணாக இருந்தது. கரண்டு இல்லை என்றார் வெள்ளியங்கிரி. சரி, யாராவது உட்காரட்டும் என்றார். ஒருத்தியும் அசையவில்லை. பல்பு எரிந்ததைப் பார்த்த கண், எரியாததை நம்ப மறுத்தது. நேற்றுவரை அந்த மிஷினில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் எல்லோரும் இன்று அதற்கு எட்ட நின்றார்கள்.

டீச்சர் அதைப் பார்த்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு அந்த ஈர மூலைக்கு நடந்தாள். தகட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

கருத்தம்மா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"நீங்க தொட வேணாம் டீச்சர். மனுசங் கைய வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. பல்பு சொல்லிருச்சு, எனக்கு அது போதும். நான் தொட்டுப் பாக்க உக்காரல. தைக்க உக்காருறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கால் பெடலில், ஒரு கால் ஈரத் தரையில். சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. இடது கையைத் தகட்டில் பரப்பி, ஒரு கழுத்துப் பட்டியை ஊசிக்குக் கொடுத்து, நிறுத்தாமல் ஒரே சுற்றில் தைத்து முடித்தாள். நூலை அறுத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தாள். தையல் கோணாமல் வந்திருந்தது.

ஆயம்மாள் இரண்டடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் கருத்தம்மா.

மாசம் முழுக்க அடிக்குது அடிக்குது என்று அவள் கதறியபோது ஒரு சாட்சி கேட்டவர்கள், இந்த ஒரு சொல்லுக்குச் சாட்சி கேட்கவில்லை. அவள் சொன்னதும் அவரவர் ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். ஆறு மிஷினும் ஓடத் தொடங்கின.